டயாலிசிஸ் யூனிட்டில் ஊழியர்கள் கடுமையாக நடந்துகொண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயாலிசிஸ் யூனிட்டுக்கு வெளியே துணைக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொள்வதில் பாதி இதுதான்: சிஸ்டர் எரிந்து விழுகிறார், டெக்னீஷியன் கூப்பிட்டால் வருவதில்லை, டாக்டர் கண்ணிலேயே படுவதில்லை. அம்மாவுக்குத் துணையாகப் போய்வந்த காலத்திலும் அதற்குப் பிறகும் இதே சந்தேகங்களை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை ஒட்டியவை. மருத்துவ முடிவு எதுவானாலும் உங்கள் நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக மருத்துவர்) சொல்வதே கடைசி வார்த்தை.

ஏன் இப்படி எரிஞ்சு எரிஞ்சு விழுறாங்க? எல்லா இடத்துலயும் இப்படித்தானா?

இல்லை. நோயாளியின் பேரன் பெயர்வரை தெரிந்துவைத்திருக்கும் டெக்னீஷியன்களும் இருக்கிறார்கள். ஆனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எந்த யூனிட்டும் பரபரப்பாகத்தான் இருக்கும். ஒருவருக்கு மெஷினை நிறுத்தி, ஊசியை எடுத்து, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்து, மெஷினைக் கழுவி, அடுத்தவருக்கு லைன் போட வேண்டும். ஒரே ஆள் மூன்று நான்கு மெஷின்களைப் பார்க்கும் இடங்களில் அந்த ஒரு மணி நேரம் பொறுமை போய்விடுகிறது.

இதைத் தெரிந்துகொள்வது ஒரு விதத்தில் உதவும். முக்கியமான சந்தேகங்களை ஷிஃப்ட் மாறும்போது கேட்காமல், எல்லோருக்கும் மெஷின் ஓடத் தொடங்கி அரை மணி நேரம் ஆனபின் கேளுங்கள். அதே ஆளிடமிருந்து வேறு மாதிரி பதில் வரும். வேலைப்பளு ஒரு காரணம்தான். வயதில் மூத்தவரை ஒருமையில் பேசுவதற்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

கத்துனா கத்திட்டுப் போறாங்கன்னு விட்டுடலாமா? எப்ப வாயத் திறக்கணும்?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். பேச்சு கடுமையாக இருப்பது ஒன்று. சிகிச்சை பாதுகாப்பில்லாமல் நடப்பது இன்னொன்று. முதலாவதை டயாலிசிஸ் முடிந்து, மனம் ஆறி, அடுத்த நாள்கூடச் சொல்லலாம். சில நாள் விட்டும் விடலாம், அது உங்கள் விருப்பம். இரண்டாவதை அந்த நிமிடமே சொல்ல வேண்டும். எதிரில் நிற்பவர் எவ்வளவு கோபமாக இருந்தாலும் சரி.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதுதான் என் கவலை. ஒரு சொல்லுக்காகச் சண்டை போடுகிறார்கள். ஊசி குத்திய இடம் எரியும்போது, "ஏற்கெனவே கோபமா இருக்காங்க, எதுக்கு வம்பு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

உடனே சொல்லணும்னா எதையெல்லாம்?

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கண் இருட்டுவது, கொட்டாவியும் வியர்வையுமாக வருவது (பி.பி. இறங்குவதற்கு முன் பலருக்கு இப்படித்தான் தொடங்கும்), திடீர்க் குளிர் நடுக்கம், முதுகு வலி, உடம்பெல்லாம் அரிப்பு. ஊசி குத்திய இடத்தில் வீக்கம், எரிச்சல், ஈரம். கழுத்து லைன் (கழுத்து ரத்தக்குழாயில் செருகிய குழாய்) போட்டிருப்பவர்களுக்கு அதன் மூடி திறந்திருப்பதுபோலவோ கட்டு நனைந்திருப்பதுபோலவோ தோன்றுவது. இவற்றில் எது வந்தாலும் சத்தமாகக் கூப்பிடுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரையும் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷினில் ரத்தம் நிமிடத்துக்கு 250, 300 மில்லி என்ற வேகத்தில் ஓடுகிறது. உடம்புக்குள் திரும்பும் பக்கத்து ஊசி நழுவிவிட்டால் சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தான அளவு ரத்தம் வெளியேறிவிடும். மெஷின் அலாரம் இதை எல்லா நேரமும் கண்டுபிடிப்பதில்லை. அதனால் எவ்வளவு குளிரினாலும் ஃபிஸ்டுலா கையை (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அறுவை சிகிச்சையில் ரத்தக்குழாய்களை இணைத்த கையை) போர்வைக்குள் வைக்காதீர்கள்.

கூப்பிட்டா வர்றதே இல்ல. அலாரம் அடிச்சா வந்து சத்தத்தை நிறுத்திட்டுப் போயிடுறாங்க. என்ன செய்ய?

எல்லா அலாரமும் ஆபத்து அல்ல. கையை மடக்கினாலே அழுத்தம் மாறி அடிக்கும். அனுபவமுள்ள டெக்னீஷியன் திரையை ஒரு பார்வை பார்த்ததுமே காரணத்தைப் புரிந்துகொள்வார். ஆனால் அந்தக் காரணத்தைப் படுத்திருப்பவரிடம் ஒரு வரி சொல்ல வேண்டும். "எதுக்கு அடிச்சது சார்?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஒரே அலாரம் திரும்பத் திரும்ப அடித்தால், "சத்தத்தை நிறுத்துறதுக்கு முன்னாடி ஊசி குத்துன இடத்தைப் பார்த்துடுங்க" என்று சொல்லுங்கள்.

கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் துணைக்கு வந்தவர் வாசலில் நின்று இன்சார்ஜ் சிஸ்டரைக் கேட்க வேண்டும். துணை ஆளை உள்ளே விடாத இடங்களில் செல்போனைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள். வெளியே இருப்பவருக்கு ஒரு மிஸ்டு கால் போதும்.

எடை கூடிப் போனா எல்லார் முன்னாடியும் திட்டுறாங்க. "இவ்வளவு தண்ணி குடிச்சுட்டு வந்தா நாங்க என்ன பண்றது"ன்னு. அவமானமா இருக்கு.

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீரை இழுத்தால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவு. 60 கிலோ உள்ளவருக்கு 4 மணி நேரத்தில் சுமார் 3.1 லிட்டர்தான் வரும். அவர் 5 கிலோ கூடி வந்து நின்றால், எல்லாவற்றையும் எடுத்தால் பி.பி. விழும், கால் இழுத்துப் பிடிக்கும். எடுக்காமல் விட்டால் இரவில் மூச்சு வாங்கும். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அந்த டெக்னீஷியன். அவர் திட்டுவதில் பாதி பயம்.

ஆனால் திட்டுவதால் தாகம் குறையாது. தாகத்தைக் கூட்டுவது பெரும்பாலும் உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஹோட்டல் சாம்பார். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினாலும் தொண்டை வறளும். எனவே, "இன்னிக்கு எவ்வளவு எடுக்கப் போறீங்க? மீதியை எடுக்க நாளைக்கு ஒரு எக்ஸ்ட்ரா டயாலிசிஸ் போடலாமா?" என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். முடிந்தால் உணவு ஆலோசகரைப் பார்க்கக் கேளுங்கள்.

இன்னொன்று, திட்டு தவறாகவும் இருக்கலாம். பசி திரும்பி நன்றாகச் சாப்பிடத் தொடங்கியவருக்கு உண்மையிலேயே சதை போட்டிருக்கும். அப்போது டிரை வெயிட்டை (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை) மாற்ற வேண்டும், நோயாளியைத் திட்டக் கூடாது. மெலிந்தவருக்கு அதைக் குறைக்க வேண்டும். "டிரை வெயிட்டை டாக்டர் கடைசியா எப்ப பார்த்தார்?" என்ற கேள்வியை மாதம் ஒரு முறையாவது கேட்பது நல்லது.

புதுசா வந்த பையன் ரெண்டு மூணு தடவை குத்துறான். வேற ஆள் வேணும்னு கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். அது நோயாளியின் கை. இரண்டு முறை தவறினால் அனுபவமுள்ளவரைக் கூப்பிடுவது நல்ல யூனிட்களில் வழக்கம்தான். "தம்பி, நீங்க கத்துக்கணும், சரி. இன்னிக்கு கை வீங்குது, சீனியரைக் கூப்பிடுங்க" என்றால் யாருக்கும் அவமானம் இல்லை. போட்டு ஆறேழு வாரமே ஆன புது ஃபிஸ்டுலா என்றால் தொடக்கத்திலேயே சீனியரைக் கேட்டுவிடுங்கள்.

வலிக்கும் என்று சொன்னால் "எல்லாருக்கும்தான் வலிக்கும்" என்று பதில் வரும். மரத்துப்போகச் செய்யும் கிரீம் இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும், டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். வலி குறைவு என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்தக்குழாய் பலூன்போல உப்பிவிடும். எனவே இடத்தை மாற்றிக் குத்துவதை நோயாளிக்குச் செய்யும் கொடுமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாலு மணி நேரம்னு சொல்லிட்டு மூணரை மணிக்கே குளோஸ் பண்ணிடுறாங்க. கேட்டா முறைக்கிறாங்க.

முறைத்தாலும் கேளுங்கள். அரை மணி நேரம் வாரத்துக்கு மூன்று முறை என்றால் ஒன்றரை மணி நேரம் போகிறது. "எத்தனை மணிக்கு ஆன் பண்ணீங்க, எத்தனை மணிக்கு ஆஃப் பண்ணீங்க, சார்ட்ல எழுதிடுங்க சிஸ்டர்" என்று சொல்லுங்கள். அந்த நேரங்களை வீட்டு நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் சரியாகக் கிடைக்கிறதா என்பதற்கு ரத்தப் பரிசோதனையும் சாட்சி சொல்லும். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் யூரியா பார்த்தால் குறைந்தது 65 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும். முன்னால் 140 இருந்தால் பின்னால் 49 அல்லது அதற்கும் கீழே.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: பஸ் போய்விடும், பசிக்கிறது என்று சீக்கிரம் நிறுத்தச் சொல்பவர்களில் நோயாளிகளும் நிறைய. நாம் ஒரு நாள் கேட்டுவிட்டு, அவர்கள் இன்னொரு நாள் செய்ததைப் புகாராக்கினால் எடுபடாது.

கிளவுஸ் மாத்தலையேன்னு கேட்டா கோவிச்சுக்குவாங்களே?

கோவித்துக்கொள்ளட்டும். இது மேலே சொன்ன இரண்டாவது வகை, அந்த நிமிடமே கேட்க வேண்டியது. ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்கு வரும்போது கையுறையை மாற்ற வேண்டும். ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) உள்ளவருக்குத் தனி மெஷின், தனி இடம். கழுத்து லைனைத் திறக்கும்போது ஊழியரும் நோயாளியும் மாஸ்க் போட்டிருக்க வேண்டும். டயலைசரை (மெஷினில் ரத்தத்தை வடிகட்டும் குழாய்) கழுவி மறுபடி பயன்படுத்தும் இடங்களில் அதன்மேல் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பதிவு எண்ணையும் பாருங்கள். கிருமிநாசினி போகக் கழுவி, மிச்சம் இல்லை என்று சோதித்தபின்தான் அதை மாட்ட வேண்டும்.

கேட்கும் விதத்தில் கொஞ்சம் கவனம் போதும். "நீங்க கிளவுஸ் மாத்தல" என்பதைவிட, "எனக்கு இன்ஃபெக்ஷன் பயம் ஜாஸ்தி, என் முன்னாடியே புது கிளவுஸ் போட்டுக்குங்க சிஸ்டர்" என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுத் தவணையும் போட்டாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரட்டை டோஸ்.

டாக்டர்கிட்ட கேட்டா "சொன்னா உங்களுக்குப் புரியாது"ன்றார். ரிப்போர்ட்டும் தர மாட்டேங்கிறாங்க.

ரிப்போர்ட் உங்கள் உரிமை. நோயாளியோ அவர் அனுமதி கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசன வரைவிலும் இது இருக்கிறது. தகவல் பெறுவது, கண்ணியமாக நடத்தப்படுவது, வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்பது, குறையைச் சொல்லித் தீர்வு கேட்பது எல்லாம் அதில் உரிமைகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, தேதி போட்டு, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் கேட்டால் ஒரு வாரம் இழுப்பார்கள், தாளில் கேட்டால் அன்றே கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் பேச இரண்டே கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பத்துக் கேள்வி வைத்திருந்தால் முதலாவதுக்கே பொறுமை தீர்ந்துவிடும்.

புகார் சொன்னா அடுத்த தடவை வேணும்னே வலிக்கிற மாதிரி குத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு அக்கா.

இந்தப் பயம் நியாயமானது. வாரம் மூன்று முறை அந்த ஊழியர்களிடம்தான் கையை நீட்ட வேண்டும். அதனால்தான் நல்ல குடும்பத்துப் பெரியவர்கள்கூட எதையும் சொல்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை வேண்டுமென்றே வலி கொடுப்பதைவிட, முகம் கொடுக்காமல் இருப்பது, கடைசியாக லைன் போடுவது, "அவங்களா? புகார் பார்ட்டி" என்று தங்களுக்குள் பேசுவது இவைதான் நடக்கும். அதுவும் வலிக்கும்தான்.

அதைக் குறைக்க வழி இருக்கிறது. படுத்திருப்பவர் பேச வேண்டாம். துணைக்கு வருபவர் வெளியில் வைத்துப் பேசட்டும். ஆளைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள்: "அந்த சிஸ்டர் சரியில்லை" என்பதற்குப் பதில், "செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு இருபது நிமிடம் யாரும் வரவில்லை". அதே குறை உள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போனால் ஒருவர்மேல் கண் விழாது. முக்கியமாக, எழுத்தில் கொடுங்கள். தேதியிட்ட புகார் ஒன்று கோப்பில் இருக்கும்போது, அதற்குப் பிறகு உங்களுக்கு நடக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். பழிவாங்குவதுபோலத் தெரிந்தால், முதல் புகாரின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டாவதைக் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்ய மனத்தெம்பு இல்லாத நாட்களும் வரும். அப்போது பேச்சைப் பொறுத்துக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. பாதுகாப்பு விஷயத்தை மட்டும் பொறுக்காதீர்கள்.

சரி, புகார்னா முதல்ல யார்கிட்ட? எப்படி எழுதணும்?

முதலில் யூனிட் இன்சார்ஜ். அடுத்தது நெஃப்ராலஜிஸ்ட். தனியார் என்றால் மருத்துவமனை மேலாளர், அரசு என்றால் ஆர்.எம்.ஓ. (மருத்துவமனையின் உறைவிட மருத்துவ அலுவலர்), மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டீன். படி தாண்டி நேராக மேலே போனால் "எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்பார்கள்.

எட்டுப் பத்து வரி போதும். உதாரணத்துக்கு: "12-ஆம் தேதி இரண்டாவது ஷிஃப்டில் என் தந்தைக்கு 4-ஆம் எண் மெஷினில் டயாலிசிஸ் நடந்தது. 2.10-க்கு ஊசி குத்திய இடம் வீங்குவதாகச் சொன்னார். 2.35 வரை யாரும் பார்க்கவில்லை. அதன்பின் கை கறுத்து வீங்கியது, படம் இணைத்துள்ளேன். இனி இப்படி அழைத்தால் யார் வந்து பார்ப்பார் என்று எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." கடைசி வரிதான் உயிர். என்ன நடந்தது என்பதோடு நிறுத்தாமல், என்ன மாற வேண்டும் என்று கேட்க வேண்டும்.

அங்க சொல்லியும் ஒண்ணும் நடக்கல. அடுத்து?

அரசு மருத்துவமனை என்றால் 104 மருத்துவ உதவி எண்ணிலும், 1100 முதல்வரின் முகவரி எண்ணிலும் பதிவு செய்யலாம். பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். அங்கே கொடுக்கும் மனு சுகாதாரத் துறைக்கு எழுத்தில் போகும்.

தனியார் மருத்துவமனைகள் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவை. மாவட்டத்தில் அதைப் பார்ப்பது மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், பேச்சில் ஜே.டி. ஆபீஸ். கையுறை, மெஷின் சுத்தம், டாக்டர் இல்லாமல் யூனிட் ஓடுவது போன்றவற்றுக்கு அதுதான் சரியான இடம். டாக்டரின் நடத்தை பற்றியது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும், எண் 15100.

முதலமைச்சர் காப்பீட்டுல பண்றோம். "ஓசியில பண்ணிக்கிட்டு இவ்வளவு பேச்சா"ன்னு கேட்டாங்க. இடையில காசும் வாங்குறாங்க.

ஓசி இல்லை. உங்களுக்காக அரசுதான் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுகிறது, அந்த நிறுவனம் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இருப்பது யாரும் போடும் பிச்சை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

காசு கேட்டால் "எதுக்குன்னு பில் கொடுங்க" என்று சொல்லுங்கள். திட்டத்தில் அடங்கியதற்குத் தனியாக வாங்கக் கூடாது. அடங்காத ஊசி மருந்து என்றால் அதைச் சீட்டில் எழுதித் தரட்டும். பில் தராமல் வாங்கினால் 1800 425 3993 என்ற காப்பீட்டுத் திட்ட எண்ணில் மருத்துவமனை பெயர், அட்டை எண், தேதி, தொகை சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

எனக்கு ஹெபடைட்டிஸ் சி வந்துடுச்சு. "அந்த சி பாசிட்டிவ் பேஷண்ட்"னுதான் கூப்பிடுறாங்க.

உங்களுக்குப் பெயர் இருக்கிறது, அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நோய் விவரத்தை மற்றவர் காதில் விழப் பேசுவது ரகசியக் காப்பு மீறல். இதை இன்சார்ஜிடம் நேராகச் சொல்லலாம். எச்.ஐ.வி. என்றால் 2017-ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. பாகுபாடு காட்டுவதையும், சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதையும் அது தடை செய்கிறது.

ஹெபடைட்டிஸ் சி மாத்திரையால் குணமாகிறது என்பதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா? பெரும்பாலோருக்கு 12 வாரம். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தனியாக ஒதுக்கி வைப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதோடு, யூனிட்டில் சேரும்போது நெகட்டிவாக இருந்து இங்கேதான் வந்தது என்று சந்தேகம் இருந்தால் பழைய ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தி, மேலே சொன்ன ஜே.டி. அலுவலகத்துக்கு எழுதுங்கள். வேறு நோயாளிகளுக்கும் வந்திருக்கலாம்.

தொடையில லைன் போட்டிருக்கு. ஆம்பளப் பையன் வந்து திரையைக்கூட இழுக்காம கட்டுப் பிரிக்கிறான். அம்மா அழுறாங்க.

திரையை இழுக்கச் சொல்வது வேண்டுகோளே அல்ல, கட்டாயம் செய்ய வேண்டியது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று மேலே சொன்ன சாசனம் சொல்கிறது. கட்டுப் பிரிப்பதற்கும் அதையே கேளுங்கள். சிஸ்டர் இல்லையென்றால் உங்களை உள்ளே விடச் சொல்லுங்கள். அம்மாவே கேட்கத் தயங்குவார், நீங்கள்தான் முதல் நாளே இன்சார்ஜிடம் பேசி வைக்க வேண்டும். தொடை லைன் பெரும்பாலும் தற்காலிகம்தான், எப்போது மாற்றுவார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அவங்க பேசுறதை செல்போன்ல வீடியோ எடுத்து போட்டுடலாமா?

போட வேண்டாம். பத்துப் பேர் சட்டை விலக்கி, லைன் தெரியப் படுத்திருக்கும் அறை அது. உங்கள் கோபத்தில் அவர்கள் முகம் ஊருக்கெல்லாம் போய்விடும். உங்கள் வீங்கிய கை, உங்கள் மெஷின் திரை, உங்கள் சார்ட், உங்கள் டயலைசர் லேபிள் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு அவையே போதும்.

எங்க வீட்டுக்காரர்தான் அவங்களைத் திட்டுறார். முன்னாடி இப்படிக் கிடையாது. நான் என்ன பண்ண?

இதைக் கேட்க நிறையப் பேர் தயங்குவார்கள். கழிவு சரியாக வெளியேறாதது, ரத்தசோகை, தூக்கமின்மை, பி.பி. இறங்குவது எல்லாமே மனிதரைச் சிடுசிடுப்பாக்கும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் மனச்சோர்வு மிகவும் அதிகம், ஆண்களிடம் அது பல நேரம் கோபமாக வெளிவருகிறது. டாக்டரிடம் "ஆள் மாறிட்டார்" என்று சொல்லுங்கள். ஹீமோகுளோபின், டயாலிசிஸ் போதுமா என்பதைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் அனுப்புவார்.

ஊழியரிடம் நீங்கள் போய், "அவருக்கு முடியல, மனசுல வச்சுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் நிறைய மாறும். ஆனால் கை ஓங்குவதோ, பொருளை உடைப்பதோ வேறு விஷயம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. சிறைத் தண்டனை உண்டு. கூட வரும் மைத்துனர், தம்பிமார்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

தனியாரில் பணம் கட்டிச் செய்திருந்தால் போகலாம். மருத்துவமும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை இதில் வராது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் போட வேண்டும். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. முதலில் 1915 எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

ஆனால் வெறும் கடுஞ்சொல்லுக்காக வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். கை வீணானது, தொற்று வந்தது, ஃபிஸ்டுலா போனது என்று உடம்புக்கு நேர்ந்த கேட்டைக் காட்ட முடிந்தால்தான் வழக்கு நிற்கும். அதற்கும் சார்ட்டும் நீங்கள் குறித்துவைத்த நோட்டும்தான் ஆதாரம்.

பேசாம வேற சென்டர் மாறிடலாம்னு பார்க்கிறோம். மாறலாமா?

மாறலாம், ஆனால் இடம் உறுதியாகும் முன் பழைய இடத்தை விடாதீர்கள். புதிய இடத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: உங்களுக்குத் தோதான ஷிஃப்டில் மெஷின் காலியா, உங்கள் காப்பீடு செல்லுமா, டாக்டர் எந்த நாட்களில் யூனிட்டுக்கு வருவார். ஒரு மணி நேரம் அங்கே வெளியில் உட்கார்ந்து, வரும் குடும்பங்களிடம் பேசுங்கள். விளம்பரப் பலகை சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

கையோடு கொண்டு போக வேண்டியது: டிஸ்சார்ஜ் சம்மரி, டிரை வெயிட், ஊசி மருந்து விவரம், கடைசி மூன்று நான்கு டயாலிசிஸ் சார்ட், சமீபத்திய ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரிப்போர்ட். இந்த ரிப்போர்ட் இல்லாமல் பெரும்பாலான இடங்களில் மெஷினில் போட மாட்டார்கள். போகப் போக யூனிட் வாழ்க்கையே ஒத்துவரவில்லை என்றால் வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் சி.ஏ.பி.டி. பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தாது, வீடு சுத்தமாக இருக்க வேண்டும், செய்பவருக்குப் பயிற்சி வேண்டும்.

சண்டைக்கப்புறம் "இனிமே இங்க வராதீங்க"ன்னுட்டாங்க. நாளைக்கு டயாலிசிஸ் நாள். என்ன பண்றது?

போதிய அவகாசம் கொடுக்காமல் டாக்டர் ஒரு நோயாளியைக் கைவிடக் கூடாது என்று மேலே சொன்ன 2002 விதிகளிலேயே இருக்கிறது. எனவே "வராதீங்க" என்பதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தரத் தயங்கி, வேறு இடம் கிடைக்கும்வரை செய்ய ஒத்துக்கொள்வார்கள். நெஃப்ராலஜிஸ்டை நேரில் பார்த்து, வீட்டில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவரை அனுப்பி, நடந்த வார்த்தைகளுக்கு வருத்தம் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லிவிடுங்கள். தன்மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், டயாலிசிஸ் தள்ளிப்போகக் கூடாது.

ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் சம்மரியை வாங்கிக்கொண்டு, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். "டயாலிசிஸ் பேஷண்ட், கடைசியா இந்தத் தேதியில பண்ணது, அடுத்தது தவறிடுச்சு" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். பொட்டாசியமும் இ.சி.ஜி.யும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை இளநீர், வாழைப்பழம், பழச்சாறு வேண்டாம், உப்பையும் தண்ணீரையும் இன்னும் குறையுங்கள். கை கால் தளர்ந்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.